பந்தக்காலுக்கு வெட்டிய அலையாத்தி

"மருமவளா வர்றதுக்கு முன்னாடியே என் வீட்டை இருட்டாக்கிட்டியேடி!" என்று துரைராசு கத்தியதில், முத்துப்பேட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் குப்பமே கூடிவிட்டது. கறிவேப்பிலை வாங்கப் போன நானும் நின்றுவிட்டேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பந்தக்கால் நட மாப்பிள்ளையின் அப்பா துரைராசு காயலோரம் போய் ஒரு அலையாத்தி மரத்தை வெட்டி வந்திருந்தார். புயலில் எங்களைக் காத்த காடு அது. அதில் கத்தி வைத்தால் ஊர் சோலாரிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு மாதம் லைன் கிடையாது என்பது ஊர்க்கூட்டத் தீர்மானம். சோலார் கொட்டகையின் பொறுப்பு வானதிக்கு. கல்யாணப் பெண்ணும் அவள்தான்.

"நல்ல காரியத்துக்குத்தானே வெட்டுனேன்?"

"கூட்டத்துல மொதல்ல கை தூக்குனதே நீங்கதானே மாமா? மரத்துக்கு நல்ல காரியம் கெட்ட காரியம் தெரியுமா?"

"லைனைக் குடு. இல்லேன்னா கல்யாணம் கெடையாது."

வானதி மாப்பிள்ளை சதீஷைப் பார்த்தாள். அவன் அணைந்து கிடந்த சீரியல் பல்புகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் நின்றான். அழகான பிள்ளைதான், வாய் மட்டும் இல்லை.

"வேணாம்னா விடுங்க. ஒரு மாசம் கழிச்சுதான் லைன் வரும்" என்று சொல்லிவிட்டு வானதி கொட்டகையைப் பூட்டினாள்.

துரைராசு குடும்பத்தோடு நீடாமங்கலத்துக்குக் குடிபோனார். சதீஷ் அங்கே அத்தை மகளைக் கட்டிக்கொண்டான். வானதிக்கு வாய்த்தவர் அதிராம்பட்டினத்துப் படகு மெக்கானிக். ஊரைவிட்டு வரமாட்டேன் என்று அவள் சொன்னதும், பெட்டியோடு அவர்தான் எங்கள் குப்பத்துக்கு வந்து சேர்ந்தார்.