சலோமியின் பன்னிரண்டாவது வார்த்தை

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி இரண்டாம் வாரத்திலிருந்து மார்கழி பாதிவரை பூவம் தெட்சிணாமூர்த்தி மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. மின்துறையில் மீட்டர் கணக்கெடுக்கிறவர். அடைமழையில் டிவிஎஸ் வண்டியில் போவார். வண்டி நனையும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் தொப்பலாக நனைவார், இவர் சட்டையில் மட்டும் இஸ்திரி மடிப்பு கலையாது. மழையில் நனைந்து காய்ச்சல் என்று லீவு கேட்டபோது அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். இதில் தெட்சிணாமூர்த்தியின் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் பிளவுஸ் தைக்கிற போலகம் சலோமியால் வந்தது. எழுதிவைக்கிறவனுக்குக் கூட்டிச் சொல்லுகிற பழக்கம் கிடையாது. அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், சந்தேகம் என்றால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சலோமிக்கு நாற்பத்தோரு வயது. காரைக்கால் டவுனில் ஒரு தையல் கடையில் பீஸ் கூலிக்குத் தைத்தாள். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்கு எழுந்திருப்பாள், நடுவில் சோறு தின்னக் கால் மணி நேரம். அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆசை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று சொந்தமாக வாங்கி, தன் வீட்டு முன்னறையில் போட்டு, தன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக முதலாளி வந்தால்தான் ஃபேன் சுற்றும். அந்தக் கடைக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் பஹீமா. அவள் புருஷன் அஜ்மீருக்குத் துபாயில் வேலை. அவன் இரண்டு வருஷம் அனுப்பிய காசை, நூறு நாளில் மூன்று மடங்கு தருகிறோம் என்று ஆசை காட்டிய ஏதோ ஒரு செயலியில் போட்டு, நூற்றோராவது நாள் செயலியும் இல்லை, காசும் இல்லை என்று நின்றவள் அவள். மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள், இந்தக் கிரிப்டோ கிரிப்டோ என்கிறார்களே அது என்ன சங்கதி என்று அடியிலிருந்து படிக்க உட்கார்ந்தாள். படித்து முடித்ததும், நம்ம மாதிரி இன்னொருத்தி ஏமாறக் கூடாது என்று இலவசமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், இந்தக் காலத்தில்!

வருகிறவர்கள் யாருக்கும் நேரம் கிடையாது. மீன் கூடையோடு ஒருத்தி வருவாள், ஆதார் நகல் எடுக்க ஆட்டோக்காரர் வருவார். ஆகவே ஒரு பாடம் என்பது நாற்பது பக்கம் ஜெராக்ஸ் ஓடி முடிகிற நேரம்தான். மெஷின் நின்றால் பாடமும் நின்றுவிடும், மீதி நாளைக்கு. துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறார்கள் இல்லையா, இன்ன கூடை இன்னாருக்கு இன்ன விலை என்று அங்கே நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிறது, நாளைக்கு எவனாவது மாற்றிச் சொன்னால் அத்தனை பேரும் சண்டைக்கு வருவார்கள். பிட்காயின் கணக்கும் அப்படித்தான், ஒரு பாங்கில் ஒரு நோட்டில் இல்லை, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரில் ஒரே கணக்கு என்பாள். அனுப்பினது அனுப்பினதுதான், திரும்ப வராது. இன்றைக்கு ஏறும், நாளைக்குப் பாதியாகும், போனால் போகட்டும் என்று சொல்ல முடிகிற காசை மட்டும் போடுங்கள். லாபத்தில் நூற்றுக்கு முப்பது சர்க்காருக்கு வரி. எவனாவது டபுள் ஆக்கித் தருகிறேன் என்றால் செருப்பைத் தேடுங்கள். ஒன்று தவிர, இதுதான் மொத்தப் பாடமும். சலோமி இதை ஏழு மாதத்தில் கற்றாள், காஜா நூல் வாங்க வெளியே வருகிற சாக்கில். பிறகு வாரம் முந்நூறு ரூபாய் போட்டுக்கொண்டு வந்தாள். நாலு வருஷம் ஓடியது. விலை இறங்கினபோது பல்லைக் கடித்துக்கொண்டாள், ஏறினபோது யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாலு வருஷம் கழித்துச் சொன்ன கடைசிப் பாடம், கணக்குக்குச் சாவியாகப் போன் காட்டுகிற பன்னிரண்டு வார்த்தைகளைப் பற்றியது. போன் தொலைந்தாலும், வேறொரு போனில் அந்தப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை வரிசையாகப் போட்டால் காசு வந்துவிடும். வார்த்தை தொலைந்தால் எந்த மேனேஜர் காலில் விழுந்தும் பிரயோஜனம் இல்லை. “போட்டோ எடுக்காதீங்க, யாருக்கும் சொல்லாதீங்க, எனக்கும் காட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பஹீமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “பேப்பர்ல எழுதி, இந்த உலகத்துலயே நீங்க ரொம்ப நம்புற எடத்துல வைங்கக்கா.” எட்டாம் வகுப்போடு நின்ற சலோமி, பூ டிசைன் பிரதி எடுக்கிற மாதிரி எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டாள். ரொம்ப நம்புகிற இடம் எது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் தெருக்கோடியில் அந்தோணியார் கெபி, குகை மாதிரிக் கட்டின சின்னக் கோவில், இருக்கிறது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். அவர் காலடியில் இருக்கிற விண்ணப்பப் பெட்டிக்குப் பூட்டும் உண்டு. உள்ளே விழுகிற காகிதங்களை ஜூன் மாதத் திருவிழா வரைக்கும் யாரும் தொடுவதில்லை. சலோமி காகிதத்தை நாலாக மடித்து, முத்தம் கொடுத்து, பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அந்த மாதம் கெபிக்கு ஜெபம் நடத்தப் புது உபதேசியார் வந்தார், மரியசூசை என்று பெயர். மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதமும் படிக்கப்படாமல் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தார். வேலை கிடைக்க, விசா கிடைக்க, மருமகளுக்குக் குழந்தை தங்க. அப்புறம் ஒரு காகிதத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வார்த்தை, வேறொன்றும் இல்லை. மனுஷர் ஒரு கணம் திகைத்தார். இவ்வளவு நறுவிசாக வரிசை போட்டு எழுதியிருந்தால் அது பிரார்த்தனையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பிரார்த்தனை ராகத்திலேயே இழுத்து வாசித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் கூட்டம் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொன்னது. சலோமி அங்கே இல்லை, தீபாவளி பிளவுஸ் அறுபது பாக்கி. வாசித்து முடித்தபோது காகிதம் வெள்ளையாக இருந்தது. மரியசூசை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், பிறகு காகிதத்தை மறுபடி பெட்டிக்குள் போட்டார். அன்று அங்கே நூறு பேராவது இருந்திருப்பார்கள், செவ்வாய்க்கிழமை கெபிக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தைகூட நினைவில் தங்கவில்லை. ஆனால் வார்த்தைகள் பன்னிரண்டும் பன்னிரண்டு பேர் மேல் போய் உட்கார்ந்துகொண்டன.

கார்த்திகை மழையில் சலோமி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து போன் செத்தது. அவள் பதறவே இல்லை, சிரித்துக்கொண்டே கெபிக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். வெள்ளைக் காகிதத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதே வாரம்தான், பாரீசுக்கு மகனிடம் போகிற ஒரு அம்மாள் தன் எம்பிராய்டரி மெஷினைப் பாதி விலைக்குத் தருவதாகவும், மாசி முதல் தேதிவரை காத்திருப்பதாகவும் சொல்லியிருந்தாள். பஹீமா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “யா அல்லாஹ்! நம்புற எடம்னா பீரோவைச் சொன்னேன்க்கா!” அன்றிலிருந்து அந்தப் பாடத்தில் பீரோ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டாள்.

தெட்சிணாமூர்த்தியின் உலர்ந்த சட்டையைப் பார்த்து முடிச்சை அவிழ்த்தவளும் பஹீமாதான். ஒரு நாள் கொட்டுகிற மழையில் அவர் கடைக்குள் வந்து நின்றார், நனையாமல். போலகம் நவநாளுக்குப் போனதிலிருந்துதான் இப்படி என்றார். மழை படாத ஆள் என்றால் குடைதானே என்று பஹீமா யோசித்தாள், அவரிடம் உத்தரவு கேட்டாள், சலோமி கொடுத்து வைத்திருந்த அந்த வெள்ளைக் காகிதத்தில் அம்ப்ரெல்லா என்று இங்கிலீஷில் எழுதினாள். எழுத்து தானாக நகர்ந்து நாலாவது வரியில் போய் நின்றது, அழியவில்லை. தெருவில் இறங்கிய தெட்சிணாமூர்த்தி இரண்டு மாதத்துக்கும் சேர்த்து நனைந்தார், கையை விரித்துக்கொண்டு நின்றார், சந்தோஷமாகத்தான். சங்கதி புரிந்துவிட்டது. வார்த்தை காகிதத்துக்கோ போனுக்கோ திரும்பினால் அதிசயம் அந்த ஆளை விட்டுப் போய்விடும். “அவங்ககிட்டக் கேக்காம எழுதக் கூடாதுக்கா, அது திருட்டு” என்று பஹீமா அப்போதே சட்டம் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாப்பாட்டுக் கால் மணி நேரத்திலும் இரண்டு பேரும் பஹீமாவின் ஸ்கூட்டியில் அலைந்தார்கள். டீக்கடை முத்தையன் வீட்டு வேப்பமரத்தில் தேங்காய் காய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பொறுங்கள், பறித்துக்கொள்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டு வார்த்தையைக் கொடுத்தார். ஒரு டீச்சரம்மா போகிற இடமெல்லாம் பின்னால் ஆடுகள் வந்தன, பள்ளிக்கூட வராண்டா வரைக்கும், கொடுக்கும்போது அழுதார். நாலேமுக்கால் அடி உயர நர்ஸ் ஒருத்தி ஸ்டூல் இல்லாமல் பரணில் கை வைத்தாள். ஒல்லியான கான்ஸ்டபிள் ஒருவர் எடை மெஷினில் ஏறினால் மூன்று டன் காட்டியது, நடையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. மார்கழிக் குளிரில் சட்டைப் பையில் மாம்பழம் முளைத்தவர் ஒருவர், போடும் டீயெல்லாம் உப்புக் கரித்த வீடு ஒன்று. இப்படி முப்பத்தாறு நாளில் பதினோரு வார்த்தைகள் காகிதத்துக்குத் திரும்பின. பன்னிரண்டாவது வரி மட்டும் காலி. மாசி பிறக்க ஒன்பது நாள் இருந்தது.

அது குரும்பகரத்தில் இருந்தது. ஜான்பீட்டர் என்று ஒருவர், விசைப்படகில் முப்பது வருஷம் போய்வந்தவர். மேல்தட்டிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஒன்பது வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். மகள் ரீட்டா குரும்பகரத்தில் வாழ்க்கைப்பட்டவள், அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அந்த நவநாளுக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். சுற்றிலும் நெல் வயல், கடல் எங்கேயோ கிடக்கிறது. ஆனால் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் அறைக்குள் கடல் வரும். சுவரோரத்தில் நுரை தெரியும், பிறகு அலை கட்டில் காலை நனைத்து, முழங்கால் அளவுக்கு ஏறி, ஐந்து மணிக்கு வடிந்துபோகும். வாசப்படி தாண்டாது, அதனால் வயல்காரர்களுக்குப் புகார் இல்லை. ரீட்டா மிக்ஸியையும் அரிசி மூட்டையையும் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருந்தாள், வடிந்த பிறகு சிப்பிகளைப் பெருக்கித் தள்ளுவாள்.

சலோமியும் பஹீமாவும் போனபோது மணி நாலு ஆகிக்கொண்டிருந்தது. ரீட்டா அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். அலை வந்தது. மரக்கட்டையாகக் கிடந்த அந்தக் கால்களில் கட்டைவிரல் மெதுவாக மடங்கியது. “சில்லுன்னு இருக்கு” என்றார் ஜான்பீட்டர், கண்ணை மூடிக்கொண்டு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் காலில் உணர்ச்சி உண்டு. தண்ணீர் வடிந்ததும் போய்விடும்.

ரீட்டா விஷயத்தை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். ஆகவே அவர் பீடிகை போடவில்லை. “எழுதிக்க, புள்ள. ஒன் ஒழைப்பு. மூணு மாசம் அனுபவிச்சாச்சு, எனக்குப் போதும்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பஹீமா பேனாவை நீட்டினாள். எழுத வேண்டியது ஓஷன் என்ற ஒரே வார்த்தை, இங்கிலீஷில் ஐந்து எழுத்து. நாலு வருஷ முந்நூறு ரூபாய்கள் விலை ஏறி ஏறி மெஷினுக்கும் மேல் மிச்சம் வருகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. சலோமி பேனாவை வாங்கினாள், மூடியைத் திறந்தாள், தண்ணீருக்குள் அசைந்துகொண்டிருந்த அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் மூடியைப் போட்டுப் பஹீமாவிடமே கொடுத்தாள். “இன்னைக்கு வேணாம்” என்றாள்.

மாசி முதல் தேதி வந்தது, போனது. மெஷினை வாங்கியது யார் என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். சலோமியின் முதலாளியேதான்! இப்போது அதில் உட்கார்ந்து தைப்பதும் சலோமிதான், கூலிக்கு. பஹீமா இரண்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருமுறை பொறுக்கமாட்டாமல், பெரியவர் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகாவது எழுதிக்கொள்ளலாம் அல்லவா என்று கேட்டுவிட்டாள். சலோமிக்கு வந்ததே கோபம். “அந்த நெனப்போட என்னால அவரு மூஞ்சியப் பாக்க முடியாது, பஹீமா” என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை. விண்ணப்பப் பெட்டியில் ஒரு காகிதம் போட்டாள், மரியசூசை அதையும் மைக்கில் வாசித்தார்: குரும்பகரம் ஜான்பீட்டருக்கு நூறு வயசு கொடுக்க. அதற்குப் பிறகு வாராவாரம் அதே காகிதம் வருகிறது. பஹீமா அவளோடு மறுபடி பேச ஆரம்பித்தாள், தங்கைமார் மாப்பிள்ளைகளுக்கு என்று எடுத்து வைத்த வட்டலப்ப இனிப்பில் பாதியைக் கொடுத்து.

இரண்டு வருஷம் ஆகிறது. விலை இன்னும் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. பதினோரு வார்த்தை எழுதிய காகிதம் சலோமியின் பீரோவில் புடவை மடிப்புக்குள் இருக்கிறது. பஹீமாவின் புது மாணவர்கள் அந்தக் காசு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால், குரும்பகரத்தில் ஒரு வீட்டில் என்கிறாள், பாடத்தின் மற்ற சங்கதிகளைச் சொல்லுகிற அதே குரலில். ஞாயிற்றுக்கிழமை சலோமி தூக்குவாளியில் மீன் குழம்போடு பஸ் ஏறுவாள். ஊக்கு தைக்க வேண்டிய பிளவுஸ்களும் பையில் இருக்கும், அவளுக்கு எப்போதும் வேலை பாக்கி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அவரோடு பேசுவாள்.

ஜான்பீட்டர் ஒவ்வொரு வாரமும் கேட்பார்: “இன்னிக்கு என்ன வெல போவுது, புள்ள?”

அவள் விலையைச் சொல்வாள்.

“அடி ஆத்தி! இவ்வளவா? எழுதிக்கயேன் சலோமி. யாருக்காகப் பாக்கிற?”

சலோமி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரோரத்தைப் பார்ப்பாள். ஊசியைப் பிளவுஸில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, அவருடைய இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவாள்.

“பேச்சைக் கொறைங்க மாமா,” என்பாள், “தண்ணி வந்துருச்சு.”