காலால் பிறந்தவள்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகர முதியோர் இல்லத்தில் காலையிலிருந்து ஆட்களைத் தூக்கி இருத்திவிட்டு ஜெசிந்தா வீடு திரும்பியபோது, அயலவர் அந்தோனிதாசன் இடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றார். கால் முன்னே வரப் பிறந்தவர் உதைத்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. இக்காஸ்ட் தமிழரில் அப்படிப் பிறந்தவள் இவள் ஒருத்திதான்.

“இன்னும் சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை, அண்ணை.”

“மூண்டே மூண்டு உதை, பிள்ளை.”

மூத்தவரை உதைக்கிறோமே என்று சிலுவை போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீங்கிய காலால் உதைத்தாள். அவர் நிமிர்ந்து நடந்து போனார். அவளுக்கோ இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இப்ப உங்களை ஆர் உதைக்கிறது?” என்று மகள் பிரியந்தி டேனிஷில் கேட்டாள்.

“நீயும் காலாலைதான் வர இருந்தனி. அந்த அறுவான் டொக்டரெல்லோ வயித்துக்குள்ளையே திருப்பி விட்டவன்!”