பாகோ பாகோவில் இன்னும் சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை மத்தியானம் படகுத்துறையில் வியாபாரத்தை முடித்துவிட்டு, கலோலைன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பல்லெல்லாம் தெரியச் சிரித்த ஒரு மனிதன், உன் வியாபாரத்தைப் பத்து மடங்காக்கிக் காட்டுகிறேன் என்றான். பாய்மரப் படகில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களைக் கரைக்கு வருமுன்பே வாடிக்கையாக்கும் வித்தை, போனிலேயே முன்பதிவு வாங்கும் கருவி, இன்னும் என்னென்னவோ. எல்லாம் போனிலேயே படிக்கிற ஒரு படிப்பாக, பாதி விலைக்கு. அதுவும் இரண்டே நாள்தான் என்று கீழே ஒரு கடிகாரம் நொடி நொடியாய்க் குறைந்துகொண்டிருந்தது.

பாதி விலைதான். ஆனால் அவள் ஐஸ்பெட்டிக்கென்று சேர்த்து வைத்திருந்ததை அப்படியே வழித்துக் கொடுத்தால்தான் அந்தப் பாதி விலை தேறும். அந்தத் தீவுத் துறைமுகமான நெய்யாஃபுவில் அவளைப்போல் ஃபைககாய் செய்ய ஆளில்லை. தேங்காய்ப்பால் பாகில் மிதக்கும் அந்த மாவுருண்டைகளைப் படகுக்காரர்கள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவார்கள். பெட்டி இல்லாததால் பிழிந்த பால் அன்றைக்கே கெட்டுவிடும். படகு வராத நாளில் பன்றிகளுக்குத்தான் விருந்து. பெட்டியா, படிப்பா என்று சனிக்கிழமை முழுக்க அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

புருஷன் செமிசி மீன் பிடிக்கிறவன். தூண்டிலைப் பற்றித் தெரியாதா அவனுக்கு?

“அந்த ஆளு ஒரு நாளாவது ஃபைககாய் கிண்டியிருக்கானான்னு கேட்டியா?” என்றான்.

“கிண்டறத நான் பாத்துக்கறேன். விக்கறத அவன் சொல்லித் தரட்டுமே. நீங்க புடிக்கற மீனயும் சேத்து வித்துக் குடுக்கறேன், பாருங்க.”

ஞாயிறு காலை கோயிலில், கையில் இருப்பதைத் தூங்க விடாதீர்கள் என்று போதகர் முழங்கினார். தனக்காகவே சொன்னதுபோல் இருந்தது கலோலைனுக்கு. பாட்டு எழும்பியபோது அவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. முடிவெடுத்துவிட்டாள், படிப்புதான். அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்து, கோயிலுக்கென்று எல்லோரையும்போல் இடுப்பில் கட்டிய பாயைச் சரிசெய்தபோதுதான் உறைத்தது: இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அவர்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை வாங்குவதும் விற்பதும் கூடாது; கடை திறக்காது, படகு கிளம்பாது, துவைத்த துணியைக்கூட யாரும் கொடியில் போடமாட்டார்கள். போனில் ஒரு விரல் வைத்தால் எவருக்கும் தெரியப்போவதில்லைதான். ஆனால் அவளுக்குத் தெரியுமே. அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்துக்கு இதெல்லாம் எங்கே புரியும்? திங்கட்கிழமை வரை அது காத்திருக்காது, இன்று மத்தியானமே முடிந்துவிடும்.

மத்தியானம் அடுப்புக்குழியைப் பிரித்து, சேப்பங்கிழங்கிலையில் இறைச்சியைச் சுற்றி வேகவைத்த லூவை வயிறு முட்டத் தின்றுவிட்டுச் செமிசி பாயில் சாய்ந்தான். கலோலைன் போனை எடுத்துப் பார்த்தாள். கடிகாரத்தில் ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. அப்போதுதான் அவளுக்கு விக்கா ஞாபகம் வந்தாள். செமிசியின் தங்கை, தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பாகோ பாகோவில் வாக்கப்பட்டவள். அங்கேயும் இதே மணிதான், ஆனால் கிழமை ஒரு நாள் பின்னால். அங்கே இன்னும் சனிக்கிழமை!

மகளின் போனையும் பிடுங்கிக்கொண்டு ஈரப்பலா மரத்தடிக்கு ஓடி, மூச்சு வாங்க அதில் அவளைக் கூப்பிட்டு, பக்கத்தின் முகவரியைச் சொன்னாள். உன் அட்டையில் கட்டிவிடு, நாளைக்கே பணம் அனுப்பிவிடுகிறேன் என்றாள். விக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சாமியையே டபாய்க்கறியா, அண்ணி?”

“சனிக்கிழமைல வாங்கறதுல என்ன டபாய்ப்பு? சீக்கிரம் திறடி, நேரமில்ல.”

விக்கா முதன்முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

“நேரமில்லன்னு யாரு சொன்னா? இங்க முழுசா ரெண்டு நாள் இருக்கு. ரெண்டு நாள்லேர்ந்து இப்பத்தான் ஓட ஆரம்பிக்குது.”

“கிழமை பின்னால இருக்கறதால ஒரு நாள் கூடக் காட்டுதோ?”

“ஒரு நாள் கூடட்டும், அண்ணி. இது ரெண்டு நாள் கூடுதே. நான் திறந்தப்புறம்தான் அது கிளம்பியிருக்கு.”

கலோலைனுக்குக் காதெல்லாம் சூடேறியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் திறந்தபோதும் சரியாக இரண்டு நாள்தானே காட்டியது!

“கட்டட்டுமா வேணாமா?” என்றாள் விக்கா.

“இரு. என்னுது முடியட்டும், பாப்போம்.”

இருவரும் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தார்கள். விக்கா நடுவில் காபி போட்டுக்கொண்டாள். கலோலைன் மடியில் தன் போனை வைத்துக்கொண்டு, ரக்பி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பார்க்கிற மாதிரி கடிகாரத்தையே பார்த்தாள். ஐந்து, நான்கு என்று உரக்க எண்ணினாள். சைபருக்கு வந்தது. பக்கம் ஒரு தரம் சிமிட்டியது. அதே பல், அதே சிரிப்பு, அதே பாதி விலை. இன்னும் இரண்டு நாள்.

கலோலைன் சிரித்த சிரிப்பில் பன்றிகள் சிதறி ஓடின. செமிசி கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“என்னடி, பேய் புடிச்சிருக்கா?”

“ஐஸ்பெட்டி வாங்கப் போறேங்க.”

“ஞாயித்துக்கிழமை வாங்கற பேச்சப் பேசாத. வந்து படு.”

வந்து படுத்தாள். தூக்கம் எங்கே வரும்? பாலைப் பிழிந்து உறைய வைத்தால் ஒரே நாளில் எத்தனை படகுக்கு ஃபைககாய் கொடுக்கலாம், அதற்கு இந்த மனுஷன் எத்தனை தேங்காய் உரிக்க வேண்டியிருக்கும் என்று, குறட்டை விடுகிற அவன் முதுகைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.