தரையில் இருந்த தெளிப்பான்

செமஸ்டர் தொடங்கிய மூன்றாவது வாரம் தக்காளிச் செடிகள் எல்லாம் முறுக்கிக்கொண்டன.

கல்லூரிக்குப் பின்னால், குழுவுக்கு ஒரு பாத்தியாக வகுப்பே சேர்ந்து நட்ட செடிகள். விவசாய ஆசிரியை குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். கயிறு திரித்த மாதிரி சுருண்டிருந்தது.

"இது நோய் இல்ல. களைக்கொல்லி பட்டிருக்கு. முந்தாநாள் சத்து மருந்து தெளிச்சது எந்தக் குழு?"

எல்லோரும் ஒருத்தியைத்தான் பார்த்தார்கள். தலைமைப் பண்பு வகுப்பில் சீட்டுக் குலுக்கியபோது அவள் பெயர் வந்துவிட்டது. அன்று முதல் அவள் 'லீடர்'. கேலிப் பெயர்தான். பஸ்ஸில் காலை மிதித்தவரிடமே "பரவாயில்லீங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிற பெண் அவள்.

கருவிக் கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு தெளிப்பான்கள் உண்டு, மருந்து கலந்தே இருக்கும். ஆணியில் தொங்குவது சத்து மருந்துக்கு, தரையில் இருப்பது களைக்கொல்லிக்கு. அன்று லீடர் குழாயடியில் வாளியோடு நின்றபடி, தெளிப்பானை எடுத்து வரும்படி கொட்டகைக்குள் இருந்த அறைத்தோழிக்குக் குரல் கொடுத்தாள். தோழி ஒன்றை எடுத்து வந்தாள். இருவரும் மாறி மாறி எல்லாப் பாத்திகளுக்கும் அடித்தார்கள்.

"புதுசா நாத்து விட்டு நட்டா, காய் பாக்கறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிரும்" என்றார் ஆசிரியை. பாதி மதிப்பெண் அந்தச் செடிகளில்தான் இருந்தது. எல்லோருக்கும்.

மதியம் இதழியல் வகுப்பு. ஆசிரியர் பல வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவர். "செய்தி நம்ம வாசல்லயே நடந்திருக்கு. எல்லாரும் இதையே எழுதுங்க. யார் செஞ்சதுன்னு சொல்லாத செய்தி செய்தியே இல்ல. சம்பந்தப்பட்டவங்கள நேர்ல கேளுங்க" என்றார். லீடர் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் உட்கார்ந்ததும் மேஜை காலியானது. வெளியே வந்து, தையற்கடை வைத்திருக்கும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நான் வீட்டுக்கே வந்துடறேன்."

மறுமுனையில் மெஷின் நின்றது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "வர்றதுன்னா வா. சட்டைக்குக் காஜா எடுக்க ஆள் இல்லாம எனக்கு நாக்கு தள்ளுது."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுக்கும் தன்னை லீடரால் துல்லியமாகப் பார்க்க முடிந்தது. போனை வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

அறையில் தோழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஒன்னு கேக்கணும்."

"செய்திக்கா?"

"ஆமா. ஏன் தரையில இருந்தத எடுத்த?"

"கீழ இருக்கறதுன்னு நீதானே சொன்ன."

"மேலன்னு சொன்னேன்டி."

"என் காதுல கீழன்னுதான் விழுந்துச்சு." தோழி எழுந்து உட்கார்ந்தாள். "மேலன்னு சொன்னேன்னு சத்தியம் பண்ணுவியா?"

வாளியில் தண்ணீர் விழுந்த இரைச்சல் நினைவிருந்தது. தான் கத்தியதும் நினைவிருந்தது. என்ன கத்தினாள் என்பது, யோசிக்க யோசிக்க நழுவிப் போனது.

"என் பேரப் போட்டா உனக்குத் தலைவலி விட்டுது" என்றாள் தோழி. "எனக்கு?"

லீடர் எழுத உட்கார்ந்தாள். முதலில் தோழியின் பெயரைப் போட்டு எழுதினாள். ஒரு பிழை இல்லை. படித்துப் பார்த்ததும் கிழித்தாள். அடுத்ததில் பழியெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டாள். அதுவும் பொய்தான். கடைசியில் இரண்டு பெயரையும் எழுதினாள்: மேலே என்று சொன்னதாக ஒருவர், கீழே என்று கேட்டதாக மற்றவர், தெளிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று இருவருமே திறந்து பார்க்கவில்லை.

இதழியல் ஆசிரியர் கடைசி வரியை வட்டமிட்டு, "இது முதல்ல வரணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தலைமைப் பண்பு வகுப்பில் அதையே எழுந்து நின்று படித்தாள். தோழி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரி, எங்க மார்க்குக்கு என்ன வழி?" பின்வரிசைச் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் கேட்டான்.

"தெரியல." தாளை மடித்தாள். "முள்ளங்கி போட்டா சீக்கிரம் வரும்னு மேடம் சொன்னாங்க. பழைய பாத்தி மண்ணுல மருந்து இறங்கியிருக்கும், ஆகாது, அந்தக் கோடியில புதுசா கொத்தணும். செடிக்கான மார்க்குல பாதிதான் தருவாங்களாம். உங்களக் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. நாளைக்குக் காலையில நான் போறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

காலையில் மண் கல்லாக இருந்தது. மண்வெட்டியைப் போட்டால் எகிறியது. சற்று நேரத்தில் தோழி வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. தூரத்து மூலையில் கொத்த ஆரம்பித்தாள். வெயில் ஏறியபோது கண்ணாடிக்காரனும் வந்து சேர்ந்தான்.

"உங்களுக்காக வரல" என்றான். "எனக்கு மார்க் வேணும்."

"சரி" என்றாள் லீடர்.

வேறு யாரும் வரவில்லை. முதல் மணி அடித்தபோது ஒரு பாத்திகூட முடிந்திருக்கவில்லை. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது. லீடர் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டியை உடைத்தாள்.