மூணாம் மாடியின் இங்கிலீஷ்

சோறு அடிபிடிக்கிற வாசனை வந்தபோது மாமியார் வாசலில் காய்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பேரம் சூடுபிடித்திருந்ததால் காதில் விழவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடாமல் அடுப்படிக்குள் போய்த் தீயைக் குறைத்தாள், கரண்டியை எடுத்துப் பானையை ஒரு கிண்டு கிண்டிவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மாமியார் உள்ளே வந்தாள். கரண்டியைப் பார்த்தாள்; அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். சத்தம் போடவில்லை. பானையைத் துணியால் பிடித்து இறக்கிப் பின்பக்கம் கொண்டுபோய், நாலு பேர் சாப்பிட வேண்டிய சோற்றைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"கையைக் கழுவிட்டுத்தான் தொட்டேன் அத்தை."

"கழுவுற கைதான்னு எனக்கும் தெரியும். எதைக் கழுவுற கைன்னும் தெரியும்."

கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவன், "நான் வெளியில சாப்பிட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வாயில்லாப் பூச்சி என்று பேர் வாங்கியவன். பேச வேண்டிய இடத்தில் பேசாதவனைத்தான் நாம் நல்லவன் என்று சொல்லிப் பழகிவிட்டோமே.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அந்தக் கரண்டி மருமகள் கையில்தான் இருந்தது. கணவன் வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட பிறகு அவள் ஹோட்டலில் சேர்ந்தாள். மூன்றாம் மாடி அவள் பொறுப்பு. பதினொரு அறை, பதினொரு கழிப்பறை. ஹோட்டலில் துப்புரவு ஆட்களைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மாடியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் 'மூணாம் மாடி'. வேலையில் சேர்ந்த முதல் வாரமே மாமியார் அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். அந்தக் கை கொண்டுவருகிற சம்பளத்தை மட்டும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது மகளின் விஷயம். பாப்பாவுக்கு ஐந்து வயது. பாட்டி சொல்லிச் சொல்லி அதுவும் தேறிவிட்டது. அம்மா பிஸ்கட் நீட்டினால் காகிதத்தோடு கொடுத்தால்தான் வாங்கும். "நீ ஊட்டாத, பாட்டி ஊட்டட்டும்" என்று வாயை மூடிக்கொள்ளும். அந்தக் குழந்தைக்குத் தன் கையால் ஒரு வாய் சோறு ஊட்டி இரண்டு வருஷம் ஆயிற்று.

அன்று காலி பானையைத் தேய்த்துக்கொண்டே மாமியார் ஒரு வார்த்தை சொன்னாள். கோபம் வடிந்திருந்தது, குரலில் ஒரு நியாயம்கூட இருந்தது.

"நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. சாப்பாட்டு ஹாலுக்கு ஆள் எடுக்கப் போறாங்க, இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்கன்னு சொன்னியே. நீ அங்க போய் நாலு பேருக்குத் தட்டு எடுத்து வை. அன்னைக்கே இந்தக் கரண்டிய நானே உன் கையில குடுக்கிறேன்."

இங்கிலீஷ் வகுப்பு ஆறு வாரம் நடந்தது. சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற அறையில், மத்தியானம் மூன்று மணிக்கு. சொல்லிக்கொடுக்க வந்தவள் இவளைவிடச் சின்னப் பெண். மிஸ் என்று கூப்பிட்டார்கள். பரிமாறுகிறவர்கள், சமையல்கட்டு ஆட்கள், சலவைக்காரர், மாடி ஆட்கள் என்று இருபது பேர். தேர்வில் முதலில் வருகிறவருக்கு ஹாலில் வேலை என்று மேனேஜர் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரத்தில் மிஸ் கரும்பலகையில் ஒரு வரி எழுதினாள்.

"ஹோட்டல்ல 'நோ'ங்கிற வார்த்தையே கிடையாது. கெஸ்ட் கேட்டது இல்லைன்னாலும், முடியாதுன்னாலும், 'ஐயாம் அஃப்ரெய்ட்'னு ஆரம்பிக்கணும்."

"அப்படின்னா என்ன மிஸ்?" என்றார் சலவைக்காரர்.

"நேர் அர்த்தம் 'எனக்குப் பயமா இருக்கு'ன்னு. ஆனா இந்த இடத்துல 'முடியாது'ன்னு அர்த்தம். மரியாதையா முடியாதுன்னு சொல்றது."

"சூப்பு தீந்துபோனதுக்கு நான் எதுக்கு மிஸ் பயப்படணும்? சமைச்சவன்ல பயப்படணும்."

அறையே சிரித்தது. சமையல்கட்டு ஆட்கள் சலவைக்காரரின் முதுகில் தட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னால் முடியாது என்று புரிந்துகொள்கிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறந்தது முதல் அவள் பயந்துகொண்டுதான் இருக்கிறாள். அதை மறுப்பு என்று ஒருத்தரும் எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வரியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். பதினொரு கழிப்பறையிலும் பதினொரு கண்ணாடி. துடைத்து முடித்ததும் ஒவ்வொரு கண்ணாடியிடமும் சூப் இல்லை, மேஜை இல்லை, ஜன்னலோர இடம் இல்லை என்று இங்கிலீஷில் பயந்தாள். நாக்கு புரண்டது. தேர்வில் இருபது பேரில் அவள்தான் முதல். பரிமாறுகிறவர்களின் முகம் செத்துப்போயிற்று.

மறுவாரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளை ஹாலில் நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கழுத்தில் ஒரு சின்ன முடிச்சு. பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாலாம் நம்பர் மேஜையைக் கொடுத்தார். அங்கே ஒரு வெளிநாட்டுத் தம்பதி. சூப்பில் முந்திரி உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். முந்திரி அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பக்கத்து மேஜைப் பையன்களானால் 'யெஸ் மேடம், யெஸ் மேடம்' என்று தலையாட்டிவிட்டு ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

"ஐயாம் அஃப்ரெய்ட் இட் ஹாஸ், மேடம். மே ஐ பிரிங் டொமேட்டோ சூப்?"

அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்து நன்றி சொன்னாள். கேப்டன்கூடப் புருவத்தை உயர்த்தினார். தக்காளி சூப்பை ஏந்திக்கொண்டு நடந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் பாப்பாவுக்கு என்ன ஊட்டலாம் என்றுதான் மனசு ஓடியது.

ஐந்தாம் நம்பர் மேஜையில் முந்நூற்று ஏழாம் அறை அம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாகத் தங்கியிருப்பவள். அவளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "அட, நம்ம மூணாம் மாடிப் பொண்ணுல்ல நீ" என்றாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். தம்ளரை விரல் நுனியால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கேப்டனைக் கூப்பிட்டாள்.

"தங்கமான பொண்ணுங்க. நேத்துகூட என் பாத்ரூமக் கண்ணாடி மாதிரி கழுவி வச்சிருந்தா. நான் குறையா சொல்லல. ஆனா சாப்பிடுற இடத்துல வேற யாரையாவது விடலாமே. நினைப்பு வருதுல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்து மேஜைகள் அதைக் கேட்டன. ஆறாம் நம்பர்க்காரர் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைக் கீழே வைத்தார். பரிமாறுகிற பையன் ஒருத்தன் அவள் தொட்டு வைத்த தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நாலாம் நம்பர் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும், என்ன நடக்கிறது என்று தெரியாமல், சூப் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

"உன்மேல தப்பே இல்லம்மா. உன் இங்கிலீஷ் ஏ ஒன். அத வீணாக்க எனக்கு மனசு வருமா? ஹாலை ஒட்டி லேடீஸ் ரெஸ்ட் ரூம் இருக்குல்ல. அங்க கதவு திறந்துவிட, டவல் எடுத்துக் குடுக்க, இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேச ஒரு ஆள் வேணும். அப்பப்ப தரையத் துடைச்சு விட்டுக்க. யூனிபார்ம் இதேதான்."

அவளுக்கு ஆறு வாரப் படிப்பு கைகொடுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"ஐயாம் அஃப்ரெய்ட், சார்."

மேனேஜர் இரக்கத்தோடு சிரித்தார். "எதுக்கும்மா பயம்? கதவு திறந்துவிடுறதுதானே. ரெண்டு நாள்ல பழகிடும்."

"பயம் இல்ல சார். முடியாதுன்னு சொன்னேன்."

"மூணாம் மாடிக்கு வேற ஆள் போட்டாச்சேம்மா" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த பேப்பரைப் பார்க்கத் தொடங்கினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அதே வார்த்தையைச் சூப் மேஜையில் சொன்னபோது மரியாதையான மறுப்பு. தனக்காகச் சொன்னபோது வெறும் பயம். மிஸ் இதைக் கரும்பலகையில் எழுதவில்லை. மிஸ்ஸுக்கே தெரிந்திருக்காது.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அவள் அந்தக் கழிப்பறைக் கதவருகே நின்றாள். வருகிறவர்களுக்கு வணக்கம், தரை ஈரம் ஜாக்கிரதை, போகிறவர்களுக்கு நல்ல மாலைப்பொழுது, எல்லாம் இங்கிலீஷில். ஒன்பது தடவை தரையைத் துடைத்தாள். ஒரு குழந்தை வாந்தி எடுத்ததை வழித்தாள். முந்நூற்று ஏழாம் அறை அம்மாளும் வந்தாள்; டவலை அவள் கையிலிருந்தே வாங்கி முகம் துடைத்துக்கொண்டு, "இங்க உனக்கு நல்லா பொருந்துது" என்று மனசார வாழ்த்திவிட்டுப் போனாள்.

வீட்டு வாசலில் மாமியார் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. இரண்டு ஜன்னலிலும் தலை தெரிந்தது. வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் கிழவி முகம் பூரித்துவிட்டது.

"என்னடி, ஹால்லயே போட்டுட்டாங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் பாப்பா நின்றது. சட்டையின் பளபளப்பைத் தொட்டுப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

"ஹால்லதான் அத்தை" என்றாள். "வாசல் பக்கமா."

மாமியார் சொன்ன சொல் தவறவில்லை. உள்ளே போய்க் கரண்டியைக் கழுவி, ஈரத்தை முந்தானையில் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள். "உடுப்பு என்னமா இருக்கு உனக்கு" என்று ஜன்னல்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். நாளைக்கோ நாளை மறுநாளோ யாராவது ஒருத்தர் அந்த ஹோட்டலுக்குப் போய்வந்து சொல்லத்தான் போகிறார்கள். அது மருமகளுக்குத் தெரியும். அதற்குள் எத்தனை வேளை கிடைக்குமோ அத்தனை வேளை.

சோற்றைப் பிசைந்து உருட்டினாள். பாப்பா முதலில் அந்தக் கையை முகர்ந்து பார்த்தது. ரெஸ்ட் ரூமில் விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிற வாசனைச் சோப்பு. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னது.

"இன்னைக்குத்தாம்மா உன் கை சுத்தமா இருக்கு."

அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.