அலுமினியம் கூடக் கூட

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அம்பகரத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணிடமிருந்து வாங்கியது. பெயரை மட்டும் சிவப்ரியா என்று மாற்றிவிட்டேன். விழிதியூர்க்காரி, காரைக்காலில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு உலோக ஆராய்ச்சி. "எழுதிக்கோங்க, யாராச்சும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜன்னல் வழியே இதமான கடற்காற்று...' சீ! அவள் குடியைக் கெடுத்ததே அந்தக் காற்றுதான். அடித்துவிட்டேன்.

2

கோபால்ட், குரோமியம், இரும்பு, நிக்கல் பொடிகளைச் சமபங்காகக் கலக்கிறாள். கூடவே அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறாள். உருக்காமல், அழுத்திச் சூடாக்கி வில்லையாக்குகிறாள். அலுமினியம் கூடக் கூட வில்லை கடினமாகும்; அளவு மீறினால் விரிசல் விடும். (புத்தகத்தை மூடுகிறவர்கள் இங்கேயே மூடலாம். எனக்கும் புரிய நாளாயிற்று.)

பொடியை, காற்றும் ஈரமும் படாமல், ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்துத்தான் எடை போட வேண்டும். ஐப்பசி மழையில் சிலிண்டர் வந்து சேரவில்லை. "வெளியிலயே எடை போட்டுடும்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் கைடு முருகானந்தம். போட்டாள். அறை முழுக்கக் கடல் ஈரம். வில்லையின் கடினம் எதிர்பார்த்ததைவிட எங்கேயோ எகிறிப் போயிற்று. சார் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார். பிறகுதான் அவள் நுண்ணோக்கியில் பார்த்தாள். உள்ளே திட்டுத்திட்டாக ஆக்சைடு, ஈரக்காற்று பட்ட அலுமினியத்தின் துரு. அந்தப் படங்களோடு சாரிடம் ஓடினாள்.

3

"சார், இது அலுமினியத்தால மட்டும் வந்ததில்லீங்க. ஆக்சைடும் சேந்திருக்கு. மறுபடி செஞ்சுடுறேன்."

"தீசிஸ் குடுக்குற நேரத்துல ஏம்மா வம்பு? காத்து ஈரத்தையெல்லாம் எவன் கேக்கப் போறான்?"

"எனக்குத் தெரியுதே சார்."

"என் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

ஆக்சைடு தெரிந்த படங்களை தீசிஸிலிருந்து அவளே நீக்கிவிட்டாள். 'அனைத்தும் அலுமினியத்தின் விளைவே' என்று அவளே தட்டச்சு செய்தாள்.

(முருகானந்தத்தை இன்னும் கொடியவராக எழுத ஆசைதான். ஆனால் மதியம் தன் டப்பாவிலிருந்து மீன் வறுவல் எடுத்து அவளுக்கு வைப்பாராம். வயிற்றெரிச்சல், அதையும் எழுத வேண்டியிருக்கிறது.)

4

அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. நான் எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: யாரும் எதுவும் கேட்கவில்லை, பட்டம், சால்வை, போட்டோ... பாதியிலேயே கிழித்துப் போட்டேன். முடிவு இரண்டு: அவள் எல்லார் முன்னாலும் உண்மையை உடைக்கிறாள், தேர்வாளர் எழுந்து நின்று கைதட்ட...

இரண்டாவதைப் போனில் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"கதையில ஒருத்தி நேர்மையா இருந்துட்டா படிக்கிறவங்களுக்கு நிம்மதியாயிடும். எனக்குங்க?"

போனை வைத்துவிட்டு அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

5

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: "இந்தக் கடினம் முழுக்க அலுமினியத்தாலதானாம்மா?" முருகானந்தம் மின்விசிறியைப் பார்க்கிறார். சிவப்ரியா வாயைத் திறக்கிறாள்.

என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னாள் என்று எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள். மறுநாள் காலை அவள் எங்கே போவாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.