ஹெ. வல்லாரை

சண்டிலிப்பாயில் ஒரு பாடசாலையின் கணினி அறையில், மாசி மாதத்துத் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு வெண்பனி கொட்டியது. பக்கத்து வகுப்பில் வழக்கமான வெயில். அறையில் இருந்த பன்னிரண்டு கணினிகளும் அங்கே படித்த பிள்ளைகளைவிட வயதானவை. புதிய இயங்குதளம் எதையும் அவை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை லொறி வந்து கழிவுப்பொருளாக ஏற்றிப்போகும் என்று கடிதம் வந்திருந்தது. அவை போனால் பத்தொன்பது பிள்ளைகள் கணினிப் பாடத்தையே கைவிட வேண்டும். அதனால்தான் ஆசிரியை உதயகலா, நோர்வேயில் ஹென்றிக் என்பவர் பழைய கணினிகளுக்கென்று ஆக்கி இலவசமாக விட்டிருந்த சின்ன லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை இறக்கிப் போட்டார். கணினிகள் உடனே ஓடின. ஆனால் அது தன் ஊர்க் காலநிலையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

உதயகலா லேசில் அசைகிற ஆள் இல்லை. குடையைப் பிடித்தபடி வேலையைத் தொடங்கினார். வேண்டாத செயலிகளைக் கழித்தார், தமிழ் விசைப்பலகையும் பழைய வினாத்தாள்களும் சேர்த்தார், திரைக்கு வெங்காயத் தோட்டப் படம் போட்டார். வரவேற்புத் திரையில் அந்த லினக்ஸின் பழைய நோர்வேப் பெயரை எடுத்தபோது பனி பாதியாகக் குறைந்தது. இனிப் பெயரை முழுதாக மாற்றுவதுதான் வழி என்று கண்டுகொண்டார். தரையில் உருகிய நீரை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த சுத்திகரிப்புத் தொழிலாளி குணலட்சுமி, திங்கட்கிழமையின் நட்சத்திரத்தை நாட்காட்டியில் பார்த்து, "ரோகிணி. 'வ' எழுத்திலை பேர் வையுங்கோ ரீச்சர்," என்றார். வல்லாரை என்று வைத்தார்கள். ஞாபகசக்தி குறைந்த இயந்திரங்களுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

வியாழன் மதியத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் பழைய பெயர் அழிந்தது. பனி நின்றது. கணினிகளும் நின்றன. பன்னிரண்டு திரையும் கறுப்பு. விடிந்தால் லொறி. உதயகலா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டியளோ?" என்று கேட்டார் குணலட்சுமி.

"ஓம் அக்கா."

"செய்த மனுசன்ரை பேரையுமோ? தேப்பன் உயிரோடை இருக்கேக்கை பிள்ளைக்கு முதலெழுத்தை வெட்டலாமோ?"

உதயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வல்லாரைக்கு முன்னால் 'ஹெ.' என்று சேர்த்தார். விவரப் பக்கத்தில் ஹென்றிக்கின் முழுப்பெயரையும் ஊரையும் நன்றியோடு எழுதினார். பத்து எண்ணுவதற்குள் பன்னிரண்டும் விழித்தன. எத்தனையோ கெட்டிக்காரர்கள் கைவிட்ட கணினிகள் அவை. மறுநாள் காலை, பனி உருகிய ஈரத்தில், மேசைகளுக்கிடையே வல்லாரை படர்ந்திருந்தது.

லொறியோடு வந்த அதிகாரி செடிகளை மிதிக்காமல் நடந்து பன்னிரண்டையும் தட்டிப் பார்த்தார். 'பாவனையில் உள்ளது' என்று எழுதி லொறியை வெறுமனே திருப்பி அனுப்பினார். போகும்போது தன் கடிதத்திலேயே ஒரு பிடி வல்லாரை சுற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஹென்றிக்கிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கையில் தன் மேசைக்கடியில் வட்ட இலைச் செடி ஒன்று படர்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பல் போடும்படி உதயகலா பதில் எழுதினார். அங்கே தேங்காய் கிடைக்குமா என்பதுதான் குணலட்சுமியின் ஒரே கவலையாக இருந்தது.